கோட்டைகளை இடித்தது யார்?

பழைய கட்டடம் எதைப் பார்க்கப் போனாலும் என் கண் முதலில் உச்சிக்குத்தான் போகும். தளம் இருக்கிறதா, மழைத் தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா, சுவர் மேலே அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாசலுக்குள் நுழைவேன். அரசுக் கட்டடப் பணியில் இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, பயணியர் மாளிகை என்று என் பொறுப்பில் வந்தவற்றில் நிறைய, வெள்ளைக்காரர் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடங்கள். ஓய்வு பெற்ற பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் கோட்டைகளைப் பார்க்கத் தொடங்கினேன். வரலாறு படித்தவர்கள் அங்கே போர்களைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது செங்கல்லையும் சுண்ணாம்பையும் தண்ணீரையும்.

சென்னையிலிருந்து தெற்கே போனால் கல்பாக்கத்தை அடுத்துச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை. இன்னும் கீழே கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை. அதையும் தாண்டினால் தரங்கம்பாடியில் டேனியர்களின் டான்ஸ்போர்க். நான்கும் ஒரே கடலோரத்தில் இருப்பவை. ஒரே உப்புக்காற்றும் ஒரே ஐப்பசி மழையும் வாங்கியவை. கட்டியதும் ஏறக்குறைய ஒரே சாமானைக் கொண்டுதான். அப்படியிருக்க, தரங்கம்பாடிக் கோட்டை மாடியோடு நிற்கிறது. சதுரங்கப்பட்டினம் பாதி நிற்கிறது. ஆலம்பரை சிதறிக் கிடக்கிறது. தேவனாம்பட்டினத்தில் கோட்டை எங்கே என்று விசாரித்துத்தான் போகவேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? பீரங்கி என்றுதான் எல்லோரும் பதில் சொல்வார்கள். பீரங்கி இடித்தது உண்மை. ஆனால் அது இடித்தது கொஞ்சம்தான் என்பதை ஆலம்பரையில் நின்று பார்த்தால் தெரியும்.

ஆலம்பரை என் அம்மா ஊருக்குப் பக்கம். சின்ன வயதில் ஆயாவோடு கடப்பாக்கம் சந்தைக்குப் போனால், அங்கிருந்து கோட்டைக்கும் ஒரு நடை நடந்துவிட்டு வருவோம். இடைக்கழிநாடு என்று அந்தப் பகுதிக்குப் பெயர். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் ஊர்ப்பக்கம் இதுதான். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் உப்பங்கழி. கழுவேலி ஏரியின் தண்ணீர் ஓடை வழியாக வந்து கடலில் சேரும் முகத்துவாரமும் அருகிலேயே இருக்கிறது. கடலையும் கழியையும் ஒரே இடத்திலிருந்து காவல் காக்கலாம் என்பதற்காகவே அந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

முகலாயர் காலத்தில் எழுந்த கோட்டை அது. 1750இல் ஐதராபாத் நிஜாம் வம்சத்து முசாபர் ஜங் அதைப் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார். அங்கே துறைமுகம் இருந்தது, கடலுக்குள் நீண்ட படகுத்துறை இருந்தது, காசு அடிக்கும் அக்கசாலையும் இருந்தது. சரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் இங்கிருந்து கப்பலேறின. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் பார்ப்பது, மணலுக்குள் பாதி புதைந்த கொத்தளங்களையும், நடுவில் அறுந்துபோன மதிலையும், உடைந்து சாய்ந்த பெரிய பெரிய செங்கல் கட்டிகளையும்தான். கடல் பக்கத்து மதில் பெரும்பாலும் போய்விட்டது. மதிலின் நிழலில் மீனவர்கள் வலை உலர்த்துகிறார்கள். விடுமுறை நாளில் கார்கள் வருகின்றன. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஜோடிகள் கொத்தளத்தின் மேல் ஏறி நிற்கிறார்கள். அவர்கள் கால் வைக்கும் இடத்தில் காரை பொலபொலவென்று உதிர்வதை நான் பார்த்திருக்கிறேன். இறங்கச் சொன்னால் இறங்குவார்கள். சொல்லத்தான் அங்கே ஆள் கிடையாது.

1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். அதற்குப் பிறகு புதுச்சேரியைச் சுற்றியிருந்த அவர்களுடைய சிறு கோட்டைகளை ஆங்கிலேயர் ஒவ்வொன்றாகப் பிடித்தபோது, அதே ஆண்டில் ஆலம்பரையும் விழுந்தது. பிடித்தவர்கள் அதில் குடியேறவில்லை, இடித்தார்கள். இவ்வளவு செலவில் கட்டிய கோட்டையைக் கையில் கிடைத்த பிறகு ஏன் இடிக்கவேண்டும் என்று எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. ஒரு கட்டடத்தை எழுப்ப எவ்வளவு பேர் எவ்வளவு நாள் உழைக்கவேண்டும் என்று தெரிந்தவளுக்கு அது மனசை அறுக்கிற கேள்வி.

பதில் அன்றைய சமாதான ஒப்பந்தங்களில் இருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் இரண்டு அரசுகளும் சமாதானம் பேசி முடித்ததும், பிடித்த ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. இன்று பிடிக்கும் கோட்டையை நாளைக்குக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு எதிரியிடமே ஒப்படைக்கவேண்டி வரலாம் என்ற பாடத்தை இரண்டு பக்கத்தாரும் படித்துக்கொண்டார்கள். கோட்டையைக் காக்கச் சிப்பாய்கள் வேண்டும், சிப்பாய்களுக்குச் சம்பளம் வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. எனவே இடித்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம் என்று முடிவு செய்தார்கள். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அவர்கள் பதிலுக்கு அந்த நகரத்தின் கோட்டையையும் மதிலையும் இடித்துத் தீர்த்தார்கள். 1763 ஒப்பந்தத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பிப் போனது. அவர்களுக்குக் கிடைத்தது கோட்டை இல்லாத ஊர். இந்தக் கரையில் மூன்று கோட்டைகள் மூன்றே ஆண்டுகளில் இப்படித்தான் போயின.

ஆனாலும் வெடிமருந்து வைத்து இடிப்பவர்களுக்குக் கோட்டையை அடியோடு அழிக்கவேண்டும் என்ற தேவை கிடையாது. இனிமேல் அதைப் போருக்குப் பயன்படுத்தமுடியாது என்ற நிலைக்குக் கொண்டுவந்தால் போதும். வாயிலைத் தகர்ப்பார்கள், கொத்தளத்தைப் பிளப்பார்கள், மதிலில் அங்கங்கே வாய் திறந்துவிடுவார்கள். மீதியில் கை வைக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, மருந்தும் இல்லை. ஆலம்பரையில் மிச்சமிருந்த அந்தப் பெரும்பகுதி என்ன ஆயிற்று என்பதுதான் என்னைப் போன்றவர்கள் சொல்லவேண்டிய கதை.

இந்த மதில்கள் முழுக்க முழுக்கச் செங்கல் இல்லை. வெளிப்புறம் ஒரு செங்கல் சுவர், உட்புறம் ஒன்று, நடுவே மண்ணும் உடைகல்லும் போட்டு இறுக்கிய நிரப்பு. பீரங்கிக் குண்டு பட்டால் கருங்கல் சிதறித் தெறிக்கும். செங்கல்லும் மண்ணும் குண்டை உள்ளே வாங்கி அமுக்கிவிடும். பீரங்கிக்காலக் கோட்டைகளுக்குச் செங்கல் ஏற்றதாக இருந்தது அதனால்தான். இந்தக் கட்டுமானத்தின் உயிர் அதன் தலையில் இருக்கிறது. மதிலின் மேல் நடைபாதைக்குச் சுண்ணாம்புத் தளம் போட்டு, சரிவு கொடுத்து, தண்ணீர் விழ வாய் வைத்திருப்பார்கள். அந்தத் தளம் ஓரிடத்தில் உடைந்தால் போதும், ஐப்பசி கார்த்திகை மழை முழுவதும் நடுவிலிருக்கும் மண்ணுக்குள் இறங்கும். நனைந்த மண் உப்பி வெளிச்சுவரைத் தள்ளும். சுவர் வயிறு தள்ளும். அதற்கு அடுத்த மழையிலோ அதற்கும் அடுத்த மழையிலோ ஒரு பெரிய தகடாகச் சரிந்து விழும். பீரங்கி ஒரு நாளில் செய்யும் வேலையை மழை நூறு ஆண்டில் செய்யும். பீரங்கி நிறுத்திக்கொள்ளும், மழை நிறுத்தாது.

கூடவே அரசமரம். பழம் தின்ற பறவை மதிலின் மேல் எச்சமிட்டுவிட்டுப் போகும். சுண்ணாம்புக் காரையின் விரிசல் அரசங்கன்றுக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு விரல் உயரம் இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம். இரண்டு மழை தாண்டிவிட்டால் வேர் இரண்டு செங்கல் வரிக்குள் புகுந்திருக்கும். மேலே வெட்டினால் கீழே இன்னும் தடிக்கும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் மேலே ஏறி, கையில் கிடைக்கும் கன்றுகளைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் கீழே இறங்குவார். "இத இப்ப பிடுங்கினா ஒரு கை வேல. விட்டா ஒரு லட்ச ரூபா வேல, அம்மா" என்பார். அவர் சொன்னதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் என் பணிக்காலம் முழுவதும் அது பலித்துக்கொண்டே இருந்தது.

ஆலம்பரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு முதிய மீனவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "நாங்க சின்னப் பசங்களா இருக்கச்சொல்ல அதோ அந்த மூல முழுசா இருந்துச்சும்மா. மேல ஏறிக் கடலப் பாப்போம், மீன் எங்க மொய்க்குதுன்னு" என்றார். அதைக் கடல் எடுத்துக்கொண்டதா என்று கேட்டேன். "கடல் கொஞ்சம் எடுத்துச்சு. சுனாமில கொஞ்சம் போச்சு. மீதிய வேரு எடுத்துக்கிச்சு" என்றார். 2004 டிசம்பர் சுனாமியில் கோட்டைக்குச் சேதம் ஏற்பட்டது ஊரறிந்தது. ஆனால் அலை தள்ளுவதற்கு முன்பே வேரும் மழையும் அந்தச் சுவர்களைத் தளர்த்தி வைத்திருந்தன என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

செங்கல் எடுத்துப்போனவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கேட்பாரற்ற கோட்டை என்றால் சுற்றுவட்டாரத்துக்கு அது சுட்ட செங்கல் சூளை. கிணற்றுக்கும் வீட்டுக்கும் எடுத்திருப்பார்கள். அதற்காகக் கிராமத்து ஜனங்களை மட்டும் குறை சொல்வதை என்னால் ஏற்கமுடியாது. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் அழகான கருங்கல் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. ஆட்சியில் இருந்தவர்கள் தூணையே பெயர்த்துக்கொண்டு போயிருக்க, குடிசைக்குப் பத்துச் செங்கல் எடுத்தவரை மட்டும் திருடர் என்று சொல்வது எப்படி நியாயம்?

தேவனாம்பட்டினத்தில் கதை இன்னும் வேகமாக முடிந்தது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி இந்தக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அந்தக் கிரயத்தில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு. கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்துத் தருவித்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் ஏற்பட்டது. அந்த ஊர்களில் உழுதுகொண்டிருந்த குடியானவர்களுக்குத் தங்கள் ஊர் எந்தக் கணக்கில் கைமாறியது என்று யாராவது சொல்லியிருப்பார்களா? ஒரு நிலத்தின் மேல் அதில் வாழ்கிறவர்களுக்கு உள்ள உரிமை ஒரு பீரங்கி முழக்கத்தில் போனதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

1746இல் சென்னை விழுந்தபோது ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பி இந்தக் கோட்டைக்குத்தான் வந்து சேர்ந்தார். கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் ராணுவத்துக்கு மாறியது இங்கே. ஸ்டிரிங்கர் லாரன்ஸ் 1748இல் வந்து கம்பெனிப் படைக்கு ஒழுங்கான பயிற்சி கொடுத்ததும் இங்கே. சென்னை மாகாணத்தின் தலைமையிடமாகவே 1752 வரை இது இருந்தது. அப்பேர்ப்பட்ட இடத்தில் இப்போது கெடிலத்தின் முகத்துவாரத்தை ஒட்டிச் சில சுவர்த்துண்டுகளையும் அகழி இருந்த பள்ளத்தையும்தான் அடையாளம் காணமுடிகிறது. வெள்ளிக் கடற்கரைக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். லாலி இடித்தது இங்கே மற்ற இடங்களைவிட அதிகம், சந்தேகமில்லை. ஆனால் ஆங்கிலேயர் 1760இல் கடலூருக்குத் திரும்பி வந்த பிறகும், அந்தக் கோட்டைக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. தலைமை சென்னையிலேயே நிலைத்துவிட்டது. வேலை போன கட்டடத்துக்கு யார் காரை பூசுவார்கள்?

சதுரங்கப்பட்டினத்தின் கதையில் அவ்வளவு வெடிச்சத்தம் இல்லை. டச்சுக்காரர்கள் மஸ்லின் துணிக்காக வந்தவர்கள். கிடங்கும் கோட்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டார்கள். 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் இந்தக் கரைக்கு எதிரே கடலில் மோதினார்கள். 1818இல் டச்சுக்காரர்களிடம் திரும்பப் போன ஊர், 1824 ஒப்பந்தத்தின்படி நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் வந்தது. அந்த ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்கள் இந்தியாவிலிருந்த தங்கள் இடங்களை விட்டுக்கொடுத்தார்கள். சுமத்ராவிலிருந்த பெங்கூலன் அவர்களுக்குப் போனது. எங்கோ உட்கார்ந்து வரைபடத்தின் மேல் விரல் நகர்த்தியதில் இந்தக் கோட்டைக்கும் வேலை போய்விட்டது.

இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் பீரங்கிகள், உள்ளே நீளமான தானியக் கிடங்குகள், யானை ஏற என்று காட்டப்படும் மேடை, இவற்றோடு சிறு கல்லறைத் தோட்டம். அந்தக் கல்லறைக் கற்களின் மேல் செதுக்கிய எழுத்தும் கேடயமும் பூவேலையும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. இந்தக் கரையில் வந்து காய்ச்சலில் செத்தவர்கள் எத்தனை பேரோ. சுற்றிலும் வேலி, கேட், காவலாள் எல்லாம் உண்டு. பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958 சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக்கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் எழுப்பலாம். இந்தச் சட்டத்தால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம் உண்டு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சதுரங்கப்பட்டினம் பாதியாவது மிஞ்சியிருப்பதற்கு அந்த வேலியும் காவலாளும்தான் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியத் தளபதி ஓவே கெட்டே கட்டத் தொடங்கிய கோட்டை டான்ஸ்போர்க். நான்கில் இதுதான் கடலுக்கு மிக அருகில் நிற்கிறது. உப்பு இதைத்தான் அதிகம் தின்றிருக்கவேண்டும். பக்கத்திலேயே மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் கட்டியது, அதில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆனால் கோட்டை நிற்கிறது. வளைவுக் கூரை போட்ட கீழ்த்தளமும், கவர்னரும் பாதிரியாரும் தங்கிய மேல்தளமும் இருக்கின்றன. போகிறவர்கள் உள்ளே ஏறி நடந்து பார்க்கலாம்.

1845இல் டேனிய அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்து சேராம்பூரையும் பாலாசோரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. பணத்துக்கு வாங்கிய கோட்டையை இடிக்கத் தேவை இல்லை. எதிரி யாரும் எதிரே இல்லை. ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் வியாபாரமும் அங்கே போய்விட்டது, தரங்கம்பாடி உறங்கும் ஊராகிவிட்டது. இந்த நிலையில் அந்தக் கோட்டையும் ஆலம்பரையைப் போல மணல்மேடாகியிருக்கவேண்டும். ஆகவில்லை. அரசு அதைப் பயணியர் மாளிகையாக்கிக்கொண்டது. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகள் இரவு தங்கும் இடமாக 1978 வரை அது இருந்தது. பிறகு மாநிலத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் வைத்தது. 2000க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடி மேல் பற்றுக்கொண்ட ஒரு சங்கத்தினர் வந்து தொல்லியல் துறையோடு சேர்ந்து பழுதுபார்க்கும் வேலைக்குக் கை கொடுத்தார்கள். கடல் அரிக்காமல் கல்லும் கொட்டப்பட்டிருக்கிறது.

டேனியர் செய்த உதவி பெரிது. ஆனாலும் அவர்கள் வந்து பழுதுபார்ப்பதற்கு ஒரு கோட்டை மிஞ்சியிருந்ததே, அதை யார் காப்பாற்றினார்கள் என்று நான் யோசித்தேன். பயணியர் மாளிகைகளைப் பராமரிப்பது என் வேலையாக இருந்திருக்கிறது. அங்கே நடப்பது எனக்கு உள்ளங்கை போலத் தெரியும். ஒரு காவலாள் இருப்பார், அவரேதான் சமையலும் செய்வார். மேலே ஒழுகினால் கட்டில் நனையும், கட்டில் நனைந்தால் தங்க வந்த அதிகாரி சத்தம் போடுவார், சத்தம் போட்டால் எங்களுக்குக் கடிதம் வரும், கடிதம் வந்தால் மேஸ்திரி ஏணியோடு போவார். மழைக்கு முன்னால் தளத்தைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் வாயில் அடைத்த சருகை எடுத்து, முளைத்த செடியைப் பிடுங்கி, வருஷத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடித்துவிட்டுத் திரும்புவார். இதற்கெல்லாம் ஆகும் செலவு மிகவும் சின்னது. எந்தப் புத்தகத்திலும் இடம் பெறாத, பெயர் தெரியாத அந்தக் காவலாட்களும் மேஸ்திரிகளும்தான் டான்ஸ்போர்க்கைக் காப்பாற்றியவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பயன்பாட்டில் இருப்பதுதான் பிழைக்கும் என்ற இதே விஷயத்தை நம் காலத்து ராணுவ இடங்களிலும் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது தமிழ்நாட்டில் பல இடங்களில் அவசரமாக விமான ஓடுபாதைகள் போட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் போட்டது, கயத்தாற்றில் போட்டது எல்லாம் போர் முடிந்ததும் வெறும் தரையாயின. சோழவரத்து ஓடுபாதையில் மட்டும் மோட்டார் பந்தயம் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப்பாதை வரும்வரை சோழவரம் என்ற பெயர் பைக் ஓட்டும் இளைஞர்கள் வாயில் இருந்தது.

கோட்டைகளுக்குத் திரும்பினால், செஞ்சிக்கு இப்போது நல்ல காலம். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் செஞ்சி மலைமேல் பாறையில் உட்கார்ந்த கோட்டை, பட்டியலில் சேராவிட்டாலும் இன்னும் சில நூற்றாண்டு நின்றிருக்கும். செஞ்சியிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கிற ஆலம்பரைக்கு அந்த அவகாசம் கிடையாது. கவனம் தேவைப்படுவது அங்கேதான்.

ஆலம்பரையைப் புதிதாகக் கட்ட வேண்டாம். இடிந்த கொத்தளத்தை எழுப்பிப் பொம்மைக் கோட்டை செய்யவும் வேண்டாம். சிமெண்டை அந்தப் பக்கமே கொண்டுபோகக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடலோரச் செங்கல்லுக்குள் உப்பு இருந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், உப்பும் அதன் வழியாகவே வெளியே பூக்கும், காரை உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். மெல்லிய விரிசலைச் சுண்ணாம்பு தானே கரைந்து தானே அடைத்துக்கொள்ளவும் செய்யும். சிமெண்டு ஈரத்தை விடாது. உப்பு வேறு வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே கட்டிபடும், கட்டிபட்டு விரியும்போது செங்கல் பொரிந்து மாவாகும். பூசிய சிமெண்டு கூடு போல நிற்க, உள்ளே செங்கல் கொட்டிப்போயிருப்பதைப் பல கட்டடங்களில் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பதப்படுத்துவது கஷ்டமான வேலை, நாள் பிடிக்கும் வேலை. கோயில் திருப்பணிகளாலும் செட்டிநாட்டு வீடுகளாலும் அந்தத் தொழில் மூச்சோடு இருக்கிறது. ஒரு மேஸ்திரியும் நான்கு கையாட்களும் வந்தால் போதும். முதலில் மதில் மேல் இருக்கும் மரங்களை வெறுமனே வெட்டாமல், வேர்வரை பார்த்து, கல் கல்லாகப் பெயர்த்து எடுக்கவேண்டும். பெயர்த்த செங்கலை அதே இடத்தில் சுண்ணாம்பில் வைத்துக் கட்டவேண்டும். திறந்து கிடக்கும் சுவர் உச்சிகளுக்குச் சுண்ணாம்புக் காரை போட்டு, தண்ணீர் நிற்காமல் சரிவு கொடுத்து மூடவேண்டும். நிற்கிற மேற்குப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். கடல் பக்கத்துக்கு என்ன செய்வதென்று கடலறிந்தவர்களைக் கேட்டுச் செய்யவேண்டும். அது என் அறிவுக்கு உட்பட்ட விஷயமல்ல.

பிறகு ஒரு காவலாள். இதுதான் முக்கியம். வெளியூர் ஆள் வேண்டாம், ஆலம்பரைக் குப்பத்திலிருந்தே ஒருவருக்கு அந்தச் சம்பளம் போகட்டும். அவருக்கு ஒரு சின்ன அறை, ஒரு ஏணி, ஒரு அரிவாள். மேலே ஏறுகிறவர்களை இறக்குவதும், மழைக்கு முன்னாலும் பின்னாலும் சுவர் மேல் முளைத்ததைப் பிடுங்குவதும் அவர் வேலை. வலை உலர்த்துகிறவர்களை அங்கிருந்து விரட்டக்கூடாது. தினமும் அந்தச் சுவரைப் பார்க்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான். எந்த மூலை நேற்றுவரை இருந்தது, எது இன்று சரிந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். இந்த வேலைகளில் செடி பிடுங்குவதற்கு மட்டுமாவது டெண்டரும் மதிப்பீடும் வேண்டியதில்லை. அடுத்த ஐப்பசிக்கு முன்னால் அதைச் செய்துவிடலாம்.